மேடே

விமானிகளும் மாலுமிகளும் ஆபத்தில் எழுப்பும் 'மேடே' அழைப்புக்கும் தொழிலாளர் தினமான மே முதல் நாளுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. 'எனக்கு உதவுங்கள்' என்று பொருள்படும் 'மெதே' என்ற பிரெஞ்சுத் தொடர், ஆங்கில வாயில் இப்படி ஆகிவிட்டது. 1920களின் தொடக்கத்தில் லண்டன் குராய்டன் விமான நிலையத்தின் வானொலி அதிகாரி பிரெடரிக் மாக்ஃபோர்ட் முன்மொழிந்தது இது. அங்கே போக்குவரத்தில் பெரும்பகுதி பாரிஸின் லெ பூர்ஜே நிலையத்தோடுதான். இரு தரப்பாருக்கும் விளங்கும் சொல் தேவைப்பட்டது. எஸ்.ஓ.எஸ். இருந்ததே என்றால், அது தந்திக்குப் பொருந்தும். பேச்சில் 'எஸ்' ஒலி இரைச்சலோடு கரைந்துவிடும். 1927-இல் வாஷிங்டன் வானொலி மாநாடு மேடேயை ஏற்றது.

மூன்று முறை அடுத்தடுத்துச் சொல்வதே விதி. ஒருமுறை மட்டும் காதில் விழுந்தால், இவரே உதவி கேட்கிறாரா, வேறு யாருடைய மேடே பற்றியாவது பேசுகிறாரா என்ற குழப்பம் வரும். அவசரம்தான், ஆனால் உயிருக்கு உடனடி ஆபத்தில்லை என்றால் 'பான்-பான்'. பழுது என்று பொருள்படும் 'பான்' என்ற பிரெஞ்சுச் சொல்தான் இதற்கு மூலம். திரைப்பட விமானிகளுக்கு இந்த இரண்டாவது அழைப்பு தெரியாது போலும். என்ஜின் லேசாக இருமினாலே மேடே!