கொடைக்கானல் (பயணமும் தங்கலும்)

கொடைக்கானல், திண்டுக்கல் மாவட்டத்தில் பழனி மலையின் மேல்தளத்தில் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்த கோடை வாழிடம், வட்டத் தலைநகர்.

வழி: திண்டுக்கல் சமவெளியிலிருந்து வத்தலக்குண்டு வழியாகவும், பழனியிலிருந்தும் மலைச்சாலைகள் ஏறி, பெருமாள்மலையில் இணைகின்றன. அருகிலுள்ள பெரிய ரயில் நிலையமான கொடைக்கானல் ரோடு, சுமார் 80 கி.மீ. தொலைவில் அம்மையநாயக்கனூரில் உள்ளது.

வரலாறு: 1845இல் அமெரிக்க மதுரை மிஷனரிகள் இங்கு முதல் வீடுகளைக் கட்டினர். 1863இல் வியர் ஹென்றி லெவிஞ்ச் ஏரியை உருவாக்கினார். 1916இல் லாஸ் காட் சாலை திறக்கப்படும்வரை, பயணிகள் மாட்டு வண்டியில் பெரியகுளம் அருகே அடிவாரத்தை அடைந்து, குதிரையிலோ ஆள்கள் தூக்கிய நாற்காலியிலோ மலையேறினர்.

தங்கல்: அரசின் ஓட்டல் தமிழ்நாடு, தனியார் விடுதிகள், காட்டேஜ்கள், வீட்டுத் தங்கல்கள் உள்ளன. ஏப்ரல், மே மாதங்களில் நெரிசல் உச்சமடையும். மே மாதத்தில் பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடைபெறும். கோடையிலும் இரவில் கம்பளி தேவைப்படும்.

ஒழுங்குமுறை: சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது.

முக்கியத்துவம்: குளிர்ந்த காலநிலையும் சோலைக்காடுகளும் பயணிகளை ஈர்க்கின்றன, சுற்றுலா இவ்வூரின் முதன்மை வாழ்வாதாரம்.