மலைப்பாதையும் வலைத்தளமும்

சென்னையிலிருந்து புனே வழியாக மும்பைக்கு ரயிலில் பயணம் செய்த அன்பர்கள், லோனாவாலாவைத் தாண்டியதும் வண்டி குகை குகையாகப் புகுந்து மலையிறங்கும் காட்சியைக் கண்டிருப்பார்கள். எதிர்த் திசையில் வரும் வண்டிகளுக்குக் கர்ஜத் நிலையத்தில் பின்புறம் எஞ்சின்களைச் சேர்த்து மேலே தள்ளுவதையும் கண்டிருக்கலாம். போர் காட் என்று வழங்கும் இம்மலைப்பாதையின் வரலாறு, இன்று நாம் கையில் வைத்திருக்கும் தொலைபேசியில் ஒரு வலைத்தளம் ஏன் மெல்லத் திறக்கிறது என்ற கேள்விக்கும் விடை கூறுகிறது. அவ்விடையை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

மும்பையிலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை 1856-இல் மலையடிவாரத்திலுள்ள கோப்போலியை எட்டியது. 1858-இல் மலைமேலுள்ள கண்டாலாவிலிருந்து புனே வரையில் மற்றொரு பாதை திறக்கப்பட்டது. இரண்டிலும் வண்டிகள் விரைந்து ஓடின. ஆயினும் நடுவிலே மலை நின்றது. பயணிகள் அடிவாரத்தில் இறங்கிப் பல்லக்கிலும் மட்டக்குதிரையிலும் மலையேறி, மேலே காத்திருந்த வண்டியைப் பிடித்தார்கள். எஞ்சினின் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் பயண நேரம் குறைந்திராது. தாமதம் இருந்த இடம் வேறு. இருபத்தைந்து குகைகள் குடைந்து 1863-ஆம் ஆண்டு மலைப்பாதையைத் திறந்த பிறகே இரு நகரங்களும் மெய்யாகவே நெருங்கின. ஒரு வழியின் வேகத்தை அதன் மிக மந்தமான பகுதியே தீர்மானிக்கிறது என்பது புனே நகரம் அன்று கற்ற பாடம்.

ஏறக்குறைய 130 ஆண்டுகளுக்குப் பின், அதே நகரம் அப்பாடத்தை மீண்டும் ஒருமுறை படிக்க நேர்ந்தது. 1988-இல் புனேப் பல்கலைக்கழக வளாகத்தில், விஞ்ஞானி ஜயந்த் நார்லிகரை முதல் இயக்குநராகக் கொண்டு, ‘அயுகா’ என்று சுருக்கமாக வழங்கும் வானியல் ஆய்வு மையம் நிறுவப்பட்டது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் வானியல் அறிஞர்கள் அனைவருக்கும் பொதுவான கூடமாக அது அமைந்தது. அவர்களுக்கு வேண்டிய விண்மீன் அட்டவணைகளும் ஆய்வுக் கட்டுரைகளும் பிரான்சிலும் அமெரிக்காவிலும் இருந்த கணிப்பொறிகளில் சேமிக்கப்பட்டிருந்தன. கல்வி நிலையங்களை இணைப்பதற்காக 1986-இல் தொடங்கப்பட்ட எர்னெட் என்னும் வலையமைப்பே அவற்றை அடையும் வாயில். பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்டு 15-ஆம் நாளில்தான்.

இங்கே சிறிது கணக்குப் பார்ப்போம். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் இரண்டு இலட்சம் கிலோமீட்டர் செல்லும். புனேயிலிருந்து அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் ஏறத்தாழ 12,000 கிலோமீட்டர். ஒரு வினா போய் விடை வருவதற்கு, வழியில் எவ்விதத் தடையும் இல்லாவிடினும், 0.12 வினாடியாகும். செயற்கைக்கோள் வழியாகச் செல்ல நேர்ந்தால், அது 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், ஒரு முறை போய்வர அரை வினாடி கழியும். இவை அற்பமான நேரமெனத் தோன்றலாம். ஆனால் ஒரு வலைப்பக்கம் ஒரே பயணத்தில் வந்து சேர்வதில்லை. முதலில் முகவரி விசாரணை, பிறகு அறிமுகம், பிறகு எழுத்து, அதன் பின் படங்கள் என்று, வினாவும் விடையும் பலமுறை கடலைக் கடக்கின்றன. ஒன்றன்பின் ஒன்றாக இருபது பயணம் என்றால் செயற்கைக்கோள் வழியில் பத்து வினாடி போய்விடும். எவ்வளவு திறமான கணிப்பொறியை வாங்கி வைத்தாலும் ஒளியின் வேகத்தை மாற்ற முடியாதல்லவா?

தொலைவைக் குறைக்க முடியாதபோது பொருளையே அருகில் கொண்டுவந்து வைத்துக்கொள்வது ஒரு வழி. அதையே அறிஞர்கள் செய்தார்கள். அமெரிக்காவில் ஹார்வர்ட் - ஸ்மித்ஸோனியன் வானியல் மையம் நடத்திய ஆய்வுக் கட்டுரைக் களஞ்சியத்துக்கும், பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரிலுள்ள விஸியர் விண்மீன் அட்டவணைத் தொகுப்புக்கும் புனே அயுகாவில் பிரதிகள் அமைந்தன. இவற்றைக் கண்ணாடித் தளங்கள் என்பர். மூலத்தில் புதிதாகச் சேர்ந்தவை மட்டும் அவ்வப்போது கடல் கடந்து வரும். இந்திய வாசகரின் வினா நாட்டுக்குள்ளேயே விடை பெற்றுத் திரும்பும். சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனமும், 1991-இல் அமெரிக்காவில் தோன்றிய ‘ஆர்க்ஸிவ்’ என்னும் கட்டுரைக் களஞ்சியத்தின் பிரதியை இவ்வாறே வைத்திருந்தது. ஊர் நூலகத்தில் ஒரு படி இருந்தால் ஒவ்வொருவரும் தலைநகருக்குப் போகவேண்டாம் என்பது போன்ற எளிய ஏற்பாடுதான் இது.

இதே எண்ணம் பின்னர் வாணிக உலகத்திலும் வேர் கொண்டது. 1998-இல் அமெரிக்காவில் தோன்றிய அகமாய் நிறுவனம், வலைத்தளங்களின் பிரதிகளைப் பல நாடுகளில் வைத்து, வாசகருக்கு அண்மையில் உள்ள பிரதியிலிருந்து வழங்கும் முறையைத் தொழிலாக்கியது. நம் நாட்டிலோ ஒரு விந்தை நிகழ்ந்துகொண்டிருந்தது. இரு வேறு இணைய நிறுவனங்களின் வாடிக்கையாளர் ஒரே ஊரில் இருந்தாலும், ஒருவர் அனுப்பும் செய்தி அயல்நாடு சென்று மற்றவரை அடைவது உண்டு. அதைத் தவிர்த்து உள்நாட்டுப் போக்குவரத்தை உள்நாட்டிலேயே மாற்றிக்கொள்ள 2003-இல் தேசிய இணையப் பரிமாற்ற நிலையம் நிறுவப்பட்டது. 2015-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் புனே, சென்னை, மும்பை ஆகிய மூன்று இடங்களில் தரவு மையங்களைத் திறந்தது. அடுத்த ஆண்டில் அமேசான் மும்பையில் திறந்தது. ஆகவே, ஹோஸ்டிங் எனப்படும் இடவசதியைத் தேடும் இந்தியச் சங்கமோ பள்ளியோ இன்று கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை.

தொலைவு ஒரு பாதி; சுமை மறு பாதி. தமிழ் எழுத்தே சுமை, அதனால்தான் தமிழ்ப் பக்கங்கள் மெல்லத் திறக்கின்றன என்று சிலர் கருதுகிறார்கள். இதிலும் புனேக்கு ஒரு தொடர்பு உண்டு. கான்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாகத் தொடங்கிய இந்திய மொழிக் கணிப்பொறி நுட்பம், 1988-இல் புனேயில் நிறுவப்பெற்ற சி-டாக் என்னும் உயர்கணிப்பு மையத்தில் வளர்ந்தது. இந்திய எழுத்துகளுக்கான ‘இஸ்கி’ குறியீட்டைத் தழுவியே 1991-இல் வெளிவந்த யூனிகோடில் தமிழ் இடம் பெற்றது. இன்றைய வழக்கப்படி ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டும், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டும் தேவை. ‘அம்மா’ என்னும் சொல்லில் ஐந்து குறிகள். எனவே பதினைந்து பைட்.

கேட்டவுடன் மும்மடங்குச் சுமை என்று தோன்றும். ஆனால் பத்தாயிரம் குறிகள் கொண்ட நீண்ட கட்டுரைகூட முப்பதாயிரம் பைட்தான். சுருக்கி அனுப்பினால் அதனினும் மிகக் குறையும். தொலைபேசியில் எடுத்த ஒரு நிழற்படமோ முப்பது இலட்சம் பைட் இருக்கும். வினாடிக்கு 28,800 பிட் கொண்டுவந்த பழைய மோடத்தில் அக்கட்டுரை எட்டு வினாடியிலும், அப்படம் பதினான்கு நிமிடத்திலும் வந்து சேரும். குற்றம் தமிழின் மீது இல்லை என்பது இதனால் விளங்கும்.

மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்வுண்மை ஒருமுறை சுருக்கென்று தைத்தது. நான் தமிழாக்கிய இரண்டு பக்க அறிவிப்பு ஒன்றை, ஓர் அலுவலகத்தில் காகிதத்தில் அச்சிட்டு, படம் பிடித்து, அப்படத்தையே வலைத்தளத்தில் ஏற்றிவிட்டார்கள். விண்ணப்பிக்க வேண்டியவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர். ஊரிலிருந்து பேசினார்: “வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, தம்பி. பக்கம் திறக்கவேயில்லை.” நான் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். பன்னிரண்டாயிரம் பைட்டில் அடங்கியிருக்கக்கூடிய தமிழ், பல இலட்சம் பைட்டாகப் பருத்து, யாருக்காக எழுதப்பட்டதோ அவரைச் சேராமல் நின்றது. படமாக ஏற்றிய எழுத்தைத் தேடுபொறிகள் எளிதில் காண்பதுமில்லை. பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும் கருவிகளும் அங்கே தடுமாறும்.

பிற மாநிலங்களில் தமிழ்ச் சங்கங்களையும் பள்ளிகளையும் நடத்தும் அன்பர்கள் ஹோஸ்டிங் தேடும்போது சில கேள்விகளைக் கேட்பது நலம். நம் வாசகர் எங்கே இருக்கிறார்கள், சர்வர் எனப்படும் வழங்கு கணிப்பொறி எங்கே இருக்கிறது? உறுப்பினர் பெரும்பாலும் புனேயில் இருக்க, தளத்தை அமெரிக்காவில் வைப்பதில் பொருளில்லை. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வாசகர் பரந்திருந்தால், பல இடங்களில் பிரதி வைக்கும் சேவை தேவை. மலிவான பகிர்வு இடம் ஒண்டுக்குடித்தனத்தைப் போன்றது. காலையில் எல்லோரும் ஒரே குழாயில் நீர் பிடிக்கும்போது நம் குடம் நிரம்பத் தாமதமாகும். சிறு சங்கத்துக்கு அது போதும். விழா நாளில் ஆயிரக்கணக்கானோர் ஒருங்கே வரும் தளத்துக்குப் போதாது. நாள்தோறும் காப்புப்பிரதி எடுக்கிறார்களா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

எனினும் பணம் செலவிட்டு இடம் மாற்றுமுன் நம் பக்கத்தின் சுமையைப் பார்ப்போம். எழுத்தை எழுத்தாகவே இடுவோம். படங்களைச் சிறிதாக்குவோம். தேவையற்ற அலங்காரங்களை நீக்குவோம். கட்கியிலோ பிம்ப்ரியிலோ வேலை முடிந்து திரும்பும் தொழிலாளி, விலை குறைந்த தொலைபேசியில் தன் குழந்தையின் தமிழ் வகுப்பு நேரத்தைத் தேடுகிறார். அவர் பொறுத்திருக்கும் நேரம் சில வினாடிகளே. அதற்குள் பக்கம் திறக்காவிட்டால் அவர் அதை மூடிவிடுவார். அடுத்த வாரம் அவருடைய குழந்தை வகுப்புக்கு வராது. மலையடிவாரத்தில் பயணிகள் பல்லக்குக்குக் காத்திருந்த அந்த ஐந்து ஆண்டுகளை நினைவிற் கொண்டு, நம் தளத்தில் அத்தகைய இடம் எது என்று இன்றே தேடிப் பார்ப்போமாக.