ஏடும் எழுத்தும் கல்வியும்

கல்வியின் பெருமையைப் பேசாதார் இல்லை. ஆயின், அக்கல்வி நம் கைக்கு வந்து சேர்ந்த வழி யாதென ஆராய்வார் சிலரே. பொன்னைப் பெட்டியிலிட்டுப் பூட்டினால் அது பல்லாண்டு கெடாது கிடக்கும். அறிவோ அங்ஙனம் பூட்டி வைக்கத்தக்கதன்று. ஒரு தலைமுறையினர் அதனை அடுத்த தலைமுறையினர்க்கு எடுத்துக் கொடாதொழியின், அஃது அன்றே அழியத் தொடங்கும். நம் தமிழ் நூல்களின் சரித்திரமே இதற்குப் போதிய சான்றாதலின், அதனை அன்பர்கள் முன் சுருக்கமாக வைக்கின்றோம்.

நம் முன்னோர் பனையோலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியால் எழுதி, எழுத்து விளங்க மை தடவிச் சுவடியாகக் கோத்தனர். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிராது. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் விளங்காது. ஆதலின், ஏட்டை வாசிப்பதற்கே நெடும்பயிற்சி வேண்டும். அவ்வோலையும் ஈரத்தாலும் செல்லாலும் இராமபாணப் பூச்சியாலும் கெட்டு, பெரும்பாலும் இருநூறு முந்நூறு ஆண்டுகளில் ஒடிந்துபோம். அங்ஙனமாயின், ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய பாடல்கள் நமக்கு எவ்வாறு கிடைத்தன? ஏடு சிதையுமுன் ஒருவர் அதனைப் பார்த்து வேறோர் ஏட்டில் எழுதினார். அவர்க்குப் பின் மற்றொருவர் எழுதினார். அவர்களுட் பெரும்பாலோரின் பெயரும் நாம் அறியோம். அத்தொடர்ச்சி அறுந்த இடத்தில் நூலும் ஒழிந்தது. ஐம்பெருங்காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் இன்று சில செய்யுட்களளவிலேயே எஞ்சியுள்ளன.

அச்சு வந்தமையால் மட்டும் இக்குறை நீங்கிற்றா? இல்லை. 1578 ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் தமிழெழுத்தில் ஒரு நூல் அச்சாயிற்று. அதற்குப் பின்னும் முந்நூறு ஆண்டுகள் சங்க நூல்களிற் பெரும்பாலானவை ஏட்டிலேயே கிடந்தன. இயந்திரம் தானாக எதனையும் காவாது. காக்க விரும்பும் மனிதர் வேண்டும்.

அத்தகையோர் ஒருவரை நினைப்போம். 1880 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 21ஆம் தேதி, கும்பகோணம் காலேஜில் தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையரவர்கள், அவ்வூர்க்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரவர்களைக் காணச் சென்றார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பயின்ற ஐயரவர்கள், தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் வரிசையாகக் கூறினார். முதலியாரவர்களோ, சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டாவென வினவினார். அந்நூல் ஐயரவர்கட்குக் கிடைத்ததேயில்லை. பின்னர் முதலியாரவர்கள் வாயிலாகப் பிரதி பெற்று ஆராயப் புகுந்தபோது, சைன சமயச் செய்திகள் பல விளங்கவில்லை. அதுபற்றி நாணாது, கும்பகோணத்துச் சைனர்களை அணுகிக் கேட்டறிந்தார். அவர்களோ அந்நூலைப் பரம்பரையாகப் போற்றிப் படித்து வந்தவர்கள். ஆசிரியராயிருந்தவர் மாணவரானார், ஒரு சமயத்தார் காத்த செல்வத்தை வேறொரு சமயத்தார் பணிந்து பெற்றார். அதன் பயனாக 1887 இல் சிந்தாமணி அச்சேறியது. பின்னர் 1889 இல் பத்துப்பாட்டும், 1892 இல் சிலப்பதிகாரமும், 1894 இல் புறநானூறும், 1898 இல் மணிமேகலையும் அவர் பதிப்பாக வெளிவந்தன. அக்காலத்திலேயே யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள், 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887 இல் கலித்தொகையையும் பதிப்பித்து உபகரித்தார்.

கிடைத்தவற்றை மட்டும் எண்ணி மகிழ்தல் போதாது. ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சென்ற ஐயரவர்கள், பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டனர் என்று அங்கே கேட்டு மனங்கலங்கினார். அங்ஙனம் செய்தவர்கள் பகைவரல்லர். பக்தியென எண்ணியே செய்தனர். பகையால் நேர்ந்த அழிவும் உண்டு. 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டபோது, நூல்களும் சுவடிகளுமாக ஏறக்குறைய 97,000 அழிந்தன. அச்சிட்ட நூல் வேறிடத்திலும் இருக்கும். ஒரே பிரதியாயிருந்த ஏடு போனால் போனதே.

ஆதலின், நம் இல்லங்களில் பரணிலோ பூசையறையிலோ பழஞ்சுவடி கிடப்பின், அதனை ஆற்றில் விடுதலும் தீயிலிடுதலும் தகா. பூட்டிவைத்துப் பூசித்தல் மட்டும் போதுமென்பாரும் உளர். அவர்தம் பக்தியை நாம் குறைகூறோம். ஆனால் செல்லுக்குப் பக்தி தெரியாது. வைத்தியமோ சோதிடமோ கணக்கோ எதுவாயினும், சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சைச் சரஸ்வதி மகால் போன்ற இடங்களில் உள்ள அறிஞரிடம் காட்டிப் படியெடுக்கச் செய்வோமாக. படியெடுத்தபின் ஏட்டை நாமே வைத்துக்கொள்ளினும் அறிவு உலகிற்குரியதாய்விடும். 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பல தேசத்துத் தமிழர் ஊதியங் கருதாது நூல்களைத் தட்டெழுதி இணையத்தில் ஏற்றினர். பண்டை ஏடெழுதுவோரின் மரபே அது.

நம் பிள்ளைகள் பட்டம் பெறுவது கண்டு மகிழ்கின்றோம், மகிழத்தக்கதே. ஆயினும், தாம் பெற்றதை ஒருவர்க்கேனும் கற்பித்துச் செல்பவரே கல்விக்கடனைத் தீர்த்தவராவர். பெயரறியாத எத்தனையோ கைகள் நமக்கு எழுதித் தந்தன. நமக்குப் பின் வருவார்க்கு எழுதித் தருவது நம் கடமையென உணர்வோமாக.