யாழ்ப்பாணக் குடாநாட்டில் கமக்காரர் மானியம்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கமக்காரருக்கு அரசு வழங்கிவந்த உதவிகளுள் நீண்டகாலம் நிலைத்தது பசளை மானியம். இலங்கையில் இது 1962இல் தொடங்கியது. பசளை போட்டால்தான் விளைச்சல் தரும் புதிய நெல்லினங்களைப் பரப்புவதும் அரிசி இறக்குமதியைக் குறைப்பதுமே நோக்கம். ஆகவே தொடக்கத்திலிருந்தே நெல்லை நடுவில் வைத்து அமைந்த திட்டம் இது. குடாநாட்டிலோ ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை, நெல் மழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகம்தான். புரட்டாதி, ஐப்பசியில் விதைத்துத் தை, மாசியில் அறுப்பார்கள். கமக்காரரின் கையில் காசு புழங்கியது தோட்டக்காணியால்: கிணற்று நீரில் விளைந்த வெங்காயம், மிளகாய், புகையிலை, உருளைக்கிழங்கு.

தோட்டங்களுக்குக் கிடைத்த பெரிய உதவி மானியம் என்ற பெயரில் வரவில்லை. 1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு இறக்குமதியை இறுக்கியபோது வெங்காயமும் மிளகாயும் நல்ல விலை போயின. இளைஞர் பலர் தோட்டத்தில் இறங்கினர். 1977இல் ஜே.ஆர். ஜயவர்த்தன அரசு சந்தையைத் திறந்துவிட, அந்தக் காப்பு போயிற்று.

1990இல் நாடு முழுவதும் பசளை மானியம் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு, போரின் நடுவே, வடக்குக்கு அரசின் பொருளாதாரத் தடையும் வந்தது. வெடிபொருளுக்குப் பயன்படும் என்று யூரியா தடுக்கப்பட்டது. மண்ணெண்ணெய் தட்டுப்பட்டதால் நீரிறைக்கும் இயந்திரங்கள் ஓய்ந்தன. 1994இல் மானியம் மீண்டது, 1997இல் யூரியாவுக்கு மட்டும் என்று சுருங்கியது. கொழும்பின் இந்த மாற்றங்களைவிட, மூடை வந்து சேருமா என்பதே அக்காலத்தில் குடாநாட்டுக் கமக்காரரின் கவலை. 2005 பெரும்போகத்திலிருந்து நெல்லுக்கு 50 கிலோ பசளை மூடை 350 ரூபாய்க்குக் கிடைக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மூடப்பட்டது. 2009 வரை குடாநாட்டுக்குப் பொருள்கள் பெரும்பாலும் கடல்வழியே வந்தன.

2016இல் மூடைக்குப் பதிலாகப் பணம் வந்தது. நெல்லுக்கு ஹெக்டேயருக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய், இரண்டு ஹெக்டேயர் வரை. 2018இல் மறுபடி மூடை. 2019 ஜனாதிபதித் தேர்தலுக்குப் பின் நெல்லுக்கு இலவசப் பசளை. 2021 மே மாதம் கோட்டாபய ராஜபக்ச அரசு இரசாயனப் பசளை இறக்குமதியையே தடைசெய்தது. சேதனப் பசளைக்கு ஒரே போகத்தில் மாறச் சொன்ன அந்த முடிவு நவம்பரில் கைவிடப்பட்டபோது, பயிர்கள் வாடி, பசளை விலை பலமடங்காகியிருந்தது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. மலிவு மண்ணெண்ணெயில் கிணறு இறைத்துவந்த தோட்டக்காரருக்கு இதுவும் ஒரு மானியத்தின் முடிவே.

மலிவுப் பசளைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. குடாநாட்டின் குடிநீர் சுண்ணக்கற் பாறைக்குள் தேங்கும் மழைநீர். தோட்டத்துக்கு இட்ட நைதரசன் மிச்சம் அதற்குள் இறங்குவதால், குடாநாட்டின் வலிகாமப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியுள்ளது.

இன்று மானியம் வங்கிக் கணக்குக்கே வருகிறது. அதற்குக் கமநல சேவை நிலையத்தின் பதிவேட்டில் காணியும் பெயரும் இருக்கவேண்டும். 2024 பெரும்போகத்துக்குத் தொகை ஹெக்டேயருக்கு 15,000 ரூபாயிலிருந்து 25,000 ரூபாயாக உயர்ந்தது. உச்சம் இரண்டு ஹெக்டேயர், அதாவது ஏறத்தாழ 80 பரப்பு. அவ்வளவு வயல் உள்ளவர் குடாநாட்டில் சிலரே. பத்துப் பரப்பு விதைப்பவரின் கைக்கு வருவது சுமார் 6,300 ரூபாய். குத்தகைக்குச் செய்பவர் காணிக்காரரின் ஒப்புதலையும் காட்டவேண்டும். காணிக்காரர் கனடாவிலோ இலண்டனிலோ இருந்தால் அந்தக் கடிதம் வரும்வரை விதைப்பு காத்திராது.