ஒரே குறிக்கு இரண்டு உரிமையாளர்

1969ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி ஆகிய மூவரும் தோற்றுவித்த ஜிஎம்எல் என்னும் ஆவணக் குறிமொழி புழக்கத்துக்கு வந்தபோது, இங்கே ஒரு பத்தி, இங்கே ஒரு தலைப்பு என்று அறிவிக்கும் அடையாளங்கள் முக்காற்புள்ளியில் தொடங்கி முற்றுப்புள்ளியில் முடிந்தன. அதன் வாரிசான எஸ்ஜிஎம்எல் 1986இல் சர்வதேசத் தரமாக வெளிவந்தபோதோ, அவற்றின் ஸ்தானத்தை < என்ற குறியும் > என்ற குறியும் பெற்றன; & என்ற குறி, வேறொன்றின் பிரதிநிதியாக நிற்கும் பெயருக்கு முன்னறிவிப்பாயிற்று. ஆனால் 1972ஆம் ஆண்டையொட்டி பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழி, அதே மூன்று குறிகளையும் ஒப்பீட்டுக்கும் நினைவக முகவரிக்கும் தர்க்கத்துக்கும் முன்னமே சொந்தமாக்கிக்கொண்டிருந்தது. இதில் எவர்மீதும் தோஷம் சொல்வதற்கில்லை. ஆஸ்கி அட்டவணையில் ரோமன் எழுத்துகளும் எண்களும் போக எஞ்சியவை 32 குறிகளே. அவற்றைத்தான் அத்தனை மொழிகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. சி நிரலைக் குறிமொழி ஆவணமொன்றுக்குள் வைக்கும்போதுதான் இந்த இரு உரிமைகளும் மோதுகின்றன.

வேண்டியவர் இக்குறிகளை மாற்றி அமைத்துக்கொள்ளலாம் என்றோர் உரிமையை எஸ்ஜிஎம்எல் வழங்கியிருந்தது. 1998 பிப்ரவரி 10ஆம் தேதி அதன் வழித்தோன்றலாக வெளியான எக்ஸ்எம்எல், எந்தக் கருவியும் எந்தக் கோப்பையும் தயக்கமின்றிப் படிக்கவேண்டும் என்னும் நோக்கத்தால் அவ்வுரிமையை ரத்து செய்து, மேற்சொன்ன மூன்று குறிகளுக்கும் இருவகை மேற்கோள் குறிகளுக்குமாக ஐந்து மாற்றுப்பெயர்களை எல்லோருக்கும் பொதுவில் வைத்தது. அது நியாயமான பரிவர்த்தனை என்றே நான் கருதுகிறேன். கிரமம் ஒன்று மட்டும் பிறழலாகாது: & குறியை முதலில் மாற்றிவிட்டே ஏனையவற்றைத் தொடவேண்டும். < குறியை முன்னால் மாற்றிவிட்டால், அந்த மாற்றுப்பெயரின் தலையில் நிற்கும் & குறியும் பின்னர் மாற்றத்துக்கு உள்ளாகி, நிரல்வரி இருக்கவேண்டிய இடத்தில் படிப்பவர் மாற்றுப்பெயரையே காண்பார்.

தம் நிரல் இத்தகைய பெயர்களால் நிரம்பிக் கண்ணை உறுத்துவதைச் சகியாத நிரலர்களுக்கு, எஸ்ஜிஎம்எல் காலத்திலிருந்தே வந்த சிடேட்டா என்னும் பகுதி பெரும் புகலிடமாகத் தோன்றியது. அதற்குள் எழுதியது எழுதியபடியே நிற்கும். ஆயினும் ]]> என்று மூன்று குறிகள் சேர்ந்து வந்த மாத்திரத்தில் அப்பகுதி மூடிக்கொள்ளும். அப்படி எங்கே வரப்போகிறது என்று அலட்சியம் செய்வதற்கில்லை. அ[ஆ[0]]>5 என்று அணியின் ஓர் உறுப்பை ஐந்தோடு ஒப்பிடும் சாதாரண வரியிலேயே வந்துவிடுகிறது. அங்கே ]] என்பதோடு ஒரு பகுதியை முடித்து, > குறியிலிருந்து இன்னொன்றைத் தொடங்குவதே உபாயம். இந்த விசேஷ ஜாக்கிரதை எப்போதோ ஒருமுறைதான் தேவைப்படும் என்பதாலேயே அது மறந்துபோகிறது. ஆகவே என் மனம் ஐந்து பெயர்களின் பக்கமே சாய்கிறது.

இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவை. பரிகாரம் அரிதானது வேறொன்று. அச்சுப்பொறியைப் புதிய தாளுக்குத் தள்ளுவதற்கென்று ஏற்பட்ட கட்டுப்பாட்டு எழுத்தொன்றை, குனூ நிரலர்கள் தம் மூலக் கோப்புகளில் பக்கப் பிரிவாக வெகுகாலம் இட்டுவந்தார்கள். எக்ஸ்எம்எல்லின் முதற்பதிப்பு அதை எண்ணால் குறிப்பதற்குக்கூட அனுமதிப்பதில்லை. 2004இல் வந்த 1.1 பதிப்பு அந்தத் தடையைத் தளர்த்தியபோதிலும், அது பரவலாகக் கைக்கொள்ளப்படவில்லை. ஆதலால் நிரலை எக்ஸ்எம்எல்லாக மாற்றி, பின்னர் ஓர் எழுத்தும் சிதையாமல் மூலத்தை மீட்டெடுக்க விரும்பிய எஸ்ஆர்சிஎம்எல் என்னும் கருவியை ஆக்கியோர், அத்தகைய எழுத்துகளுக்கென்றே தனியோர் உறுப்பை வகுத்து, எழுத்தின் எண்ணை அதன் பண்பாகப் பதிந்து வைத்தார்கள்.