பள்ளி வாயிலின் வரலாறு

பங்குனி பிறந்துவிட்டால் நம் இருப்புப்பாதைக் குடியிருப்பில் இரண்டு பேச்சுகளே மிகுதியாகக் கேட்கும். ஒன்று இடமாற்ற உத்தரவு; மற்றொன்று பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை. எந்தப் பள்ளி நல்ல பள்ளி என்று ஒருவரையொருவர் வினவுகின்றோம். அப்பள்ளி யாருக்காக எழுப்பப்பட்டது என்று வினவுவாரைக் காண்டல் அரிது. இவ்விரண்டாம் வினாவுக்கு விடை கண்டால் முதல் வினா பாதி தீர்ந்துவிடும் என்பது எம் எண்ணம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எழுத்தராகிய யாம், அன்பர்கள் பொறுத்தருள்வர் என்னும் துணிவால் அவ்வரலாற்றைச் சிறிது கூற முன்வந்தோம்.

ஆள் பார்த்துச் சேர்க்கும் பள்ளிகள் இந்நாட்டுக்குப் புதியன அல்ல. 1875ஆம் ஆண்டு அஜ்மீரில் நிறுவப்பட்ட மேயோ கல்லூரி அரசிளங்குமரர்களுக்கென்றே எழுந்தது. அங்கே பிறப்பே நுழைவுத் தேர்வு. 1888ஆம் ஆண்டு கிழக்கிந்திய இருப்புப்பாதை நிறுவனத்தார், முசோரிக்கு அருகே ஜாரிபானி மலையில் ஓக் குரோவ் பள்ளியைத் திறந்தனர். நம் துறையின் பள்ளியேயாயினும், அது அந்நாளில் வெள்ளைக்கார ஊழியரின் மக்களை எண்ணி எழுப்பப்பட்டது. இன்று வடக்கு இரயில்வேயின் பொறுப்பில் அது நடைபெறுகின்றது. சதீஷ் ரஞ்சன் தாஸ் கனவு கண்ட டூன் பள்ளி, அவர் 1928இல் மறைந்த பின்னர், 1935இல் டேராடூனில் திறக்கப்பட்டது. இந்தியச் சிறுவர்க்கெனச் சாதி சமய வேறுபாடின்றித் தோன்றியது அதன் பெருமை. ஆயினும் கட்டணம் என்னும் மதில் எஞ்சி நின்றது.

இவ்வாயில்கள் நமக்குத் திறவாத காலத்தில் நம் முன்னோர் வாளாவிருந்தாரல்லர். கோடையில் சிம்லா, குளிரில் தில்லி எனக் கோப்புகளோடு இடம்பெயர்ந்த தமிழ் எழுத்தர்களின் பிள்ளைகளுக்காக 1923இல் தொடங்கிய முயற்சியே, இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக ஏழு பள்ளிகளை நடத்துகின்றது. 1932இல் பம்பாய் மாதுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. இவற்றை எண்ணி மகிழும் நாம் மற்றொன்றையும் மறத்தலாகாது. அகமதாபாத் மணிநகரில் இயங்கிய தமிழ்வழிப் பள்ளி மாணவர் எண்ணிக்கை குறைந்தமையால் 2020இல் மூடப்பட்டது. எழுப்பினால் மட்டும் போதாது. நம் பிள்ளைகளை அனுப்பவும் வேண்டும்.

விடுதலைக்குப் பின் அரசே வாயில் திறக்கலாயிற்று. 1961இல் சைனிக் பள்ளிகள் தொடங்கின. சாதாராவில் முதற்பள்ளி எழுந்தது. மறு ஆண்டு நம் அமராவதிநகரும் ஒன்றைப் பெற்றது. அடிக்கடி ஊர் மாறும் நடுவண் அரசு ஊழியரின் மக்கள் படிப்பு இடையறாதிருத்தல் வேண்டும் என்று இரண்டாவது ஊதியக் குழு பரிந்துரைத்தது. 1962இல் அரசு அதனை ஏற்க, 1963–64ஆம் கல்வியாண்டில் 20 படைப்பிரிவுப் பள்ளிகளைக் கொண்டு கேந்திரிய வித்தியாலயங்கள் பிறந்தன. சிற்றூர்ப் பிள்ளைகளின் அறிவுக்கெனத் திறந்த வாயில் நவோதயம். 1985–86இல் அரியானாவின் ஜஜ்ஜரிலும் மராட்டியத்தின் அமராவதியிலும் அது முளைத்தது. மொழிக் கொள்கையை முன்னிட்டுத் தமிழ்நாடு அதனை ஏற்கவில்லை. ஆகவே, ஊரிலிருந்து புதிதாக வரும் நம்மவர்க்கு அப்பெயரே புதிது.

அவ்வறியாமைக்கு யாமே சான்று. எம் மூத்த மகன் கணக்கில் வல்லவன். அவன் ஆறாம் வகுப்பில் பயிலும்போது அண்டை வீட்டார் சொல்ல நவோதயத்தைப் பற்றி முதன்முறை கேள்வியுற்று, விண்ணப்பம் நிரப்ப அமர்ந்தோம். ஐந்தாம் வகுப்பில், அதே மாவட்டத்தில் பயில்வோரே எழுதலாம். அதுவும் ஒரே ஒரு முறை என்று விதி கூறிற்று. அவன் ஐந்தாம் வகுப்பு பயின்ற ஆண்டில் யாம் இரு மாவட்டங்களில் பணிபுரிந்தோம்; ஒரு நாளும் விசாரித்தோமில்லை. வண்டி புறப்பட்ட பின் நடைமேடைக்கு ஓடிவரும் பயணிகளை நாள்தோறும் காணும் யாம், அன்று அவருள் ஒருவரானோம். "போகட்டும் அப்பா" என்று மகன் கூறியது இன்னும் எம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

ஆதலின், பட்ட அறிவைப் பகர்கின்றோம். நவோதயத்தில் குறைந்தது 75 விழுக்காடு இடங்கள் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு உரியன. மூன்று, நான்கு, ஐந்து ஆகிய வகுப்புகளைச் சிற்றூர்ப் பள்ளியில் பயின்றோரே அவ்வொதுக்கீட்டில் வருவர். நகரக் குடியிருப்பில் வாழ்வோர்க்கு எஞ்சிய இடங்களே, போட்டியும் கடுமை. சைனிக் பள்ளியின் ஆறாம் வகுப்புக்கு வயது பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்டதாதல் வேண்டும். 2021–22 முதல் பெண்மக்களுக்கும் அப்பள்ளிகள் அனைத்தும் திறந்துள்ளன. கேந்திரிய வித்தியாலயத்தின் முதல் வகுப்புச் சேர்க்கையில், ஏழாண்டுகளில் பெற்றோர் கண்ட இடமாற்றங்களின் எண்ணிக்கை முன்னுரிமை தரும். நம்மை அலைக்கழித்த உத்தரவுத் தாள்களே அங்கே பிள்ளைக்குத் துணை. அவற்றைப் பேணி வைத்தல் நன்று.

தனியார் பள்ளியொன்றில் எம் மனைவியாரை ஆங்கிலத்தில் வினவி, விடை தடுமாறியதும் முகம் சுளித்தனர். யாம் தலைகுனிந்து வெளியேறினோம். குனிந்திருத்தல் வேண்டா. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கக் கல்விச் சேர்க்கையில் பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டித் தேர்தலைத் தடுத்துள்ளது. நன்கொடை பெற்றால் அதன் பத்து மடங்கு வரை தண்டம் விதிக்கின்றது. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு 2014இல் உச்ச நீதிமன்றம் விலக்களித்தது. ஏனையோர்க்குச் சட்டம் சட்டமே.

எவ்வாயிலில் நுழையினும், அதனுள் தாய்மொழி கிடைக்கும் என்று எண்ணியிருத்தல் கூடாது. அதனை நம் இல்லமும் சங்கமுமே தருதல் வேண்டும். எம் இளைய மகள் இவ்வாண்டு ஐந்தாம் வகுப்பில் பயில்கின்றாள். விண்ணப்பத்தை உரிய நாளில் அனுப்பிவிட்டோம். அவள் தன் பெயரைத் தமிழில் எழுதவும் கற்றுவிட்டாள். முன்னதன் முடிவு தேர்வாளர் கையில். பின்னது நம் கையில்.