மதுரை விளம்பர ஓவியக்கூடங்களின் பணிப் பண்பாடு

விளம்பர ஓவியக்கூடம் என்பது திரைப்படப் பேனர், கட்-அவுட், கடைப்பலகை, சுவர் விளம்பரம் ஆகியவற்றைக் கையால் வரைந்து கொடுத்த தொழிற்கூடம் ஆகும். மக்கள் வழக்கில் இவை 'ஆர்ட்ஸ்' எனப்பட்டன. உரிமையாளரான ஓவியரின் பெயரோடு 'ஆர்ட்ஸ்' என்ற சொல்லைச் சேர்த்துக் கூடத்துக்குப் பெயரிடுவது வழக்கம். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் ஃபிளெக்ஸ் அச்சு பரவும் வரை, மதுரை நகரத்திலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் விளம்பர நிறுவனம் செய்யவேண்டிய வேலையின் பெரும்பகுதியை இக்கூடங்களே செய்தன. அவற்றில் வேலை எவ்வாறு பகிரப்பட்டது, தொழில் எவ்வாறு கற்பிக்கப்பட்டது, கூலியும் பெயரும் யாருக்குச் சென்றன, அத்தொழில் ஏன் மறைந்தது ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

இந்தியாவில் விளம்பரத் தொழில் அலுவலக வடிவம் பெற்றது பம்பாயில்தான். இந்தியருக்குச் சொந்தமான முதல் விளம்பர நிறுவனமாகக் கருதப்படும் பி. தத்தாராம் நிறுவனம் 1905இல் அங்குத் தொடங்கியது. அமெரிக்க நிறுவனமான ஜே. வால்டர் தாம்சன் 1929இல் பம்பாயில் கிளை திறந்தது. சென்னையில் 1973இல் ஆர். கே. சுவாமி தம் பெயரில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். இத்தகைய நிறுவனங்களில் வாடிக்கையாளரைக் கவனிப்போர், வாசகம் எழுதுவோர், படம் வரைவோர் எனத் தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. மாதச் சம்பளமும் பதவிப் பெயரும் உண்டு. அங்கு ஆங்கிலமே பெரிதும் புழங்கியது.

தமிழகத்தின் மாவட்ட நகரங்களில் விளம்பரம் வேறு வழியில் வளர்ந்தது. அதன் வேர் நாடகக் கொட்டகையில் இருக்கிறது. 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். 'பாய்ஸ் கம்பெனி' என்று அழைக்கப்பட்ட நாடகக் குழுக்கள் பலவற்றுக்கும் மதுரை ஒரு முக்கிய மையமாக இருந்தது. இக்குழுக்களுக்கு அரண்மனை, காடு, தெரு, கோயில் போன்ற காட்சிகளைத் திரைச்சீலையில் தீட்டித் தரும் ஓவியர்கள் தேவைப்பட்டனர். பேசும் படம் வந்து நாடகக் குழுக்கள் நலிந்தபோது, பெரிய துணியில் தொலைவிலிருந்து பார்ப்பதற்கேற்ப வரையும் அந்தத் திறமை திரையரங்க வாசலுக்கு இடம் மாறியது.

இந்த மாற்றத்தை விளங்கிக்கொள்ள ஓவியர் சி. கொண்டையராஜுவின் வாழ்க்கை நல்ல சான்றாகும். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற அவர், பின்னர் நாடகக் குழுவொன்றுக்குத் திரைச்சீலை வரைந்தார். மதுரைக்குத் தெற்கே உள்ள கோவில்பட்டியில் தங்கி, பல மாணவர்களைத் தம்முடன் வைத்துத் தொழில் கற்பித்தார். அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களில் நாட்காட்டிகளாக அச்சாகின. அந்த நாட்காட்டிகளைத் தம் பெயர் அச்சிட்டு வாடிக்கையாளருக்கு வழங்கியவர்கள் கடைக்காரர்களே. எனவே வீட்டுச் சுவரில் தொங்கிய மீனாட்சி திருக்கல்யாணமும் ஒருவகையில் விளம்பரம்தான்.

மதுரையும் திரையரங்குகளும்

மதுரையில் இத்தொழில் செழித்ததற்கு அங்கிருந்த திரையரங்குகளும் ரசிகர்களும் முதன்மைக் காரணம். 1937இல் வெளிவந்த 'சிந்தாமணி' படம் ஈட்டிய வருவாயால் கட்டப்பட்ட சிந்தாமணி திரையரங்கு அப்படத்தின் பெயரையே தாங்கியது. மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகளுடன் எழுந்த தங்கம் திரையரங்கு, 1952 தீபாவளிக்கு 'பராசக்தி' படத்துடன் திறக்கப்பட்டது. ஆசியாவின் மிகப் பெரிய திரையரங்குகளுள் ஒன்றாக அது பேசப்பட்டது. இவ்வளவு பெரிய முகப்பை வெறுமையாக விட முடியாது. படம் மாறும்போதெல்லாம் பேனரும் மாறவேண்டும்.

1948இல் 'சந்திரலேகா' படத்துக்கு ஜெமினி ஸ்டுடியோ நாடு முழுவதும் செய்த விளம்பரம் தமிழ்த் திரையுலகுக்கு ஒரு புதிய அளவுகோலாக அமைந்தது. அதன் அதிபர் எஸ். எஸ். வாசன் 1928இல் ஆனந்த விகடனை வாங்குவதற்கு முன்பே விளம்பர முகவராகத் தொழில் செய்தவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. 1957இல் 'வணங்காமுடி' படத்துக்காகச் சென்னை சித்ரா திரையரங்கில் மோகன் ஆர்ட்ஸ் நிறுவிய சிவாஜி கணேசனின் மாபெரும் கட்-அவுட் பெரிதும் பேசப்பட்டது. அதன்பின் உயரமான உருவங்களை நிறுத்தும் போட்டி மாவட்டங்களிலும் பரவியது.

வேலைப் பகுப்பு

ஒரு பேனர் பல கைகளைக் கடந்தே முடிவடையும். கூடத்தின் படிநிலையும் அந்த வேலை வரிசையிலேயே அமைந்தது.

முதல் நிலையில் இருந்தவர் புதிதாகச் சேர்ந்த சிறுவர். காடாத்துணியை மரச்சட்டத்தில் இழுத்து ஆணியடிப்பது, பசையும் வெள்ளையும் கலந்து பூசி உலர்த்துவது, தூரிகை கழுவுவது, வண்ணத்தூளை ஆளிவிதை எண்ணெயில் குழைப்பது, தேநீர் வாங்கி வருவது ஆகியன இவர் வேலை. அடுத்த நிலையில் இருந்தவர் கட்டம் போடுவார். தயாரிப்பு நிறுவனம் அனுப்பிய புகைப்படத்தின் மேல் சிறு கட்டங்களை வரைந்து, அதே எண்ணிக்கையில் துணியில் பெரிய கட்டங்களை வரைவார். படத்தில் ஓர் அங்குலம் துணியில் ஓர் அடி என்பது போன்ற கணக்கு அது. பிற்காலத்தில் சில கூடங்கள் உருவத்தை ஒளிப்படக் கருவியால் துணிமேல் விழச் செய்து கோடு எடுத்தன.

அதற்கும் மேல்நிலையில் பின்னணி வண்ணம் தீட்டுவோரும், உடை, நகை, கை கால்களை வரைவோரும் இருந்தனர். எழுத்து எழுதுவது தனிக்கலை. படத்தின் பெயரைப் படக்கதைக்கேற்ப வளைத்தும் உடைத்தும் எழுதத் தெரிந்தவருக்குக் கூடத்தில் தனி மதிப்பு இருந்தது. முகம் மட்டும் மாஸ்டரின் உரிமை. கண்ணும் உதடும் சரியாக அமையாவிட்டால் பேனர் முழுவதும் வீண் என்பதால் அவரே அதை முடிப்பார். முகத்தில் கத்தரிப்பூ, பச்சை, இளஞ்சிவப்பு போன்ற நிறங்களை அழுத்தமாகத் தீட்டுவது இக்கலையின் அடையாளம். அருகில் நின்று பார்த்தால் திட்டுத்திட்டாகத் தெரியும் அந்நிறங்கள் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கும்போது முகமாகக் கூடிவரும்.

கற்பித்தலும் ஒழுங்கும்

இக்கூடங்களில் பாடத்திட்டமோ சான்றிதழோ கிடையாது. பார்த்துப் பழகுவதே கல்வி. தொடக்கத்தில் கூலி இராது, அல்லது சாப்பாட்டுக்கும் பேருந்துக்கும் போதுமான சிறுதொகை கிடைக்கும். எழுத்துக்கு வண்ணம் நிரப்பும் வேலையிலிருந்து முகத்துக்குப் போய்ச் சேரப் பல ஆண்டுகள் ஆகும். சிலருக்கு அந்த வாய்ப்பு கடைசிவரை கிட்டாது.

மாஸ்டருக்கும் மாணவருக்கும் இருந்த உறவில் அன்பும் அதிகாரமும் கலந்திருந்தன. மாணவரின் குடும்பத்தில் திருமணம் என்றால் மாஸ்டர் முன்பணம் கொடுப்பார். அந்த முன்பணமே மாணவரை வேறு கூடத்துக்குப் போகவிடாமல் கட்டியும் வைக்கும். தொழில் ஒரு சாதிக்கு மட்டும் உரியதாக இல்லை. வரையும் கை உள்ள சிறுவன் எந்தக் குடும்பத்திலிருந்தும் வரலாம் என்பது இக்கூடங்களின் சிறப்பு. ஆனால் பெண்களுக்கு அங்கு இடம் ஏறத்தாழ இல்லை. இரவு வேலையும், சாரத்தில் ஏறவேண்டிய தேவையும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன.

வெள்ளிக்கிழமைக் கெடு

புதுப்படம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை வெளிவரும். எனவே வியாழக்கிழமை இரவு கூடத்தில் தூக்கம் இராது. தீபாவளி, பொங்கல், சித்திரை மாதத் தொடக்கம் ஆகிய காலங்களில் பல படங்கள் ஒரே நாளில் வரும்போது நாள்கணக்கில் கண்விழிப்பு தொடரும். வரைந்து முடித்த தட்டிகளை வண்டியில் ஏற்றித் திரையரங்குக்குக் கொண்டுபோய், சவுக்குக் கம்புகளால் சாரம் கட்டி, விடிவதற்குள் ஏற்றிவிட வேண்டும். கயிறு நழுவுவதும் காற்றில் தட்டி சாய்வதும் அன்றாட அபாயங்கள். இடுப்புக் கயிறு, தலைக்கவசம் போன்ற பாதுகாப்பு ஏதுமில்லை. டர்பன்டைன் வாடையும் வண்ணத்தூளும் மூச்சை வாட்டின.

வேலை கொடுத்த விநியோகஸ்தர் சதுர அடிக் கணக்கில் பணம் தருவார். படம் ஓடாவிட்டால் அந்தப் பணம் தாமதப்படும். உரிமையாளருக்கு வராத பணம் உதவியாளருக்கும் வராது. ஓரிரு வாரத்தில் பேனர் இறங்கிவிடும். துணியின் மேல் மீண்டும் வெள்ளை பூசி அடுத்த படத்தை வரைவார்கள். முந்தைய உழைப்பு அதே துணிக்கு அடியில் மறைந்துபோகும்.

ரசிகர்களின் நெருக்கடி வேறு இருந்தது. எம்.ஜி.ஆர்., சிவாஜி ரசிகர்களின் போட்டிக்கு மதுரை பெயர்பெற்ற ஊர். தம் நாயகரின் முகம் சிறியதாக இருக்கிறது, நிறம் குறைவாக இருக்கிறது என்று ரசிகர்கள் சொன்னால் ஓவியர் திருத்தியே ஆகவேண்டும். அதே ரசிகர்கள்தாம் பேனருக்கு மாலையிட்டுச் சூடம் காட்டி அதைத் தெய்வ உருவாகவும் கொண்டாடினர். தாம் வரைந்த முகத்துக்குப் பாலூற்றும் கூட்டத்தின் ஓரத்தில் வரைந்தவர் அடையாளமின்றி நின்றுகொண்டிருப்பார். பேனரின் மூலையில் இருப்பது கூடத்தின் பெயர் மட்டுமே. உடை வரைந்தவர், எழுத்து எழுதியவர், கட்டம் போட்டவர் ஆகியோரின் பெயர்கள் எங்கும் பதிவாகவில்லை. பம்பாயில் இளமையில் திரைப்பட விளம்பரப் பலகை வரைந்த எம். எஃப். உசேன் பின்னாளில் உலகப் புகழ் பெற்றார். அத்தகைய வாய்ப்பு பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை.

கிராமப்புறச் சுவர்கள்

படம் வெளிவராத நாள்களில் சுவர் விளம்பரம் கைகொடுத்தது. திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் சாலைகளில் உரம், பம்புசெட், பீடி, பல்பொடி, துணிக்கடை ஆகியவற்றின் விளம்பரங்கள் நிறைந்திருந்தன. இருவர் அல்லது மூவர் வண்ண டப்பாக்களுடன் பேருந்தில் புறப்பட்டு ஊர் ஊராகச் செல்வர். சாலையைப் பார்த்த சுவராகத் தேர்ந்து வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்பர். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துத் தருவதே பெரும்பாலும் வாடகை. கோயில் வாசலிலோ பள்ளித் திண்ணையிலோ இரவு தங்கிவிட்டு மறுநாள் அடுத்த ஊருக்குப் போவர். தேர்தல் காலத்தில் கட்சிச் சின்னம் வரையும் வேலை மிகுதியாகக் கிடைக்கும்.

சட்டமும் தொழிலாளரும்

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், மின்விசை பயன்படுத்தும் இடத்தில் 10 பேரும், பயன்படுத்தாத இடத்தில் 20 பேரும் வேலை செய்தால்தான் பொருந்தியது. ஐந்தாறு பேர் வேலை செய்யும் ஓவியக்கூடம் அதற்கு வெளியே நின்றது. வருங்கால வைப்புநிதி, மருத்துவக் காப்பீடு, வேலைநேர வரம்பு ஆகியவை இவர்களை எட்டவில்லை. பிற்காலத்தில் தமிழ்நாடு அரசு அமைத்த அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியங்களுள் ஓவியர் நலவாரியமும் இடம்பெற்றது. ஆயினும் அதற்குள் கூடங்கள் பலவும் மூடப்பட்டுவிட்டன.

மறைவு

1990களின் இறுதியிலிருந்து கணினியில் வடிவமைத்து வினைல் தாளில் அச்சிடும் முறை பரவியது. ஒரு குழு இரவெல்லாம் வரைந்ததை இயந்திரம் சிறிது நேரத்தில், குறைந்த செலவில் அச்சிட்டது. புகைப்படத்தை அப்படியே காட்டியதால் முகம் ஒத்துவரவில்லை என்ற குறையும் எழவில்லை. சுவர் விளம்பரமும் சுருங்கியது. 1959ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திறந்தவெளி இடங்கள் அழகுக்கேடு தடுப்புச் சட்டத்தைத் தேர்தல் காலங்களில் கடுமையாக நடைமுறைப்படுத்தியபோது, சின்னம் வரையும் வருவாயும் குறைந்தது. தங்கம் திரையரங்கும் மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது.

இளையவர்கள் சிலர் கணினி கற்று ஃபிளெக்ஸ் கடைகளில் வடிவமைப்பாளர் ஆயினர். மற்றவர்கள் வீடுகளுக்கு வண்ணம் பூசுதல், கோயில் சுதைச் சிற்பங்களுக்கு வண்ணம் தீட்டுதல், பள்ளிச் சுவர்களில் படம் வரைதல் ஆகிய வேலைகளுக்குச் சென்றனர். முகம் வரையக் கற்ற மூத்த ஓவியர்களுக்கே மாற்றம் மிகக் கடினமாக இருந்தது. வாழ்நாள் முழுதும் சேர்த்த திறமைக்கு வாங்குவோர் இல்லாமல் போயினர்.

ஃபிளெக்ஸ் பெருக்கம் புதிய சிக்கல்களையும் கொண்டுவந்தது. திருமணம், காதணி விழா, பிறந்தநாள், இரங்கல் என எல்லாவற்றுக்கும் பேனர் வைக்கும் வழக்கம் மதுரையில் மிகுந்தது. 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில் சட்டவிரோத பேனர் சரிந்து இருசக்கர வாகனத்தில் சென்ற இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். அதன்பின் பேனர் கலாச்சாரம் குறித்து நீதிமன்றத்திலும் மக்களிடையிலும் கடும் விவாதம் எழுந்தது.

மதிப்பீடு

விளம்பர நிறுவனங்களின் பணிச்சூழல் பற்றி இன்று பேசப்படும் சிக்கல்களுள் பலவும், அதாவது நெருக்கும் கெடு, ஊதியமில்லாத பயிற்சிக்காலம், உழைத்தவர் ஒருவர் பெயர் பெறுபவர் ஒருவர் என்ற நிலை ஆகியவை, மதுரை ஓவியக்கூடங்களில் முன்பே இருந்தன. கட்டணம் கட்டிப் படிக்க இயலாத பிள்ளைகளுக்கு அவை தொழில் கற்பித்ததும் உண்மை. அவர்களை முதுமையில் கைவிட்டதும் உண்மை. பேனர்கள் அழிக்கப்பட்டுவிட்டதால் அவற்றின் வரலாற்றுக்கு இன்று எஞ்சியிருப்பவை பழைய புகைப்படங்களும் ஓவியர்களின் நினைவுகளுமே. மூத்த ஓவியர்கள் இருக்கும்போதே அவர்கள் சொல்வதைக் கேட்டு, உதவியாளர்களின் பெயர்களோடு பதிவு செய்வது உள்ளூர் வரலாறு பயிலும் மாணவர்களால் செய்யக்கூடிய பணியாகும்.